முன்னோரை மறவாத தீவு

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்று, இதே பீடத்தின் முன் முழந்தாளிட்டுப் புதுநன்மை வாங்கி, இந்தப் பங்கிலிருந்தே கன்னியர் மடத்துக்குச் சென்றவர்கள் நாங்கள். சபைத் தலைவியரின் கட்டளைப்படி 2010ஆம் ஆண்டு மடகாஸ்கர் தீவுக்குப் போனோம். 2023இல் திரும்பி வந்தோம். வந்த நாள் முதல் எங்களைக் காணும் உறவினரும் நண்பர்களும் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அங்கே செத்தவர்களைக் கல்லறையிலிருந்து வெளியே எடுத்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்களாமே, அது நிசந்தானா? கிறிஸ்தவர்களும் அப்படிச் செய்கிறார்களா?" என்பதே அது.

நிசந்தான். கிறிஸ்தவர்களும் செய்கிறார்கள். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், அந்த மக்களுக்கு நாங்கள் அநியாயம் செய்தவர்களாவோம். ஆகவே பொன்விழாக் குழுவினர் எங்களை ஏதாவது பேசும்படி கேட்டபோது, மலகாசி மக்களின் சமயக் கொண்டாட்டங்களைப் பற்றியே பேசுவது என்று தீர்மானித்தோம். நம் பங்கின் 50 ஆண்டுகளை நினைக்கும் இந்த நாளில், நமக்கு முன் சென்றவர்களை எப்படி நினைப்பது என்று அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டியது உண்டு.

முதலில் நாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆப்பிரிக்காவின் கிழக்கே, மொசாம்பிக் கரையிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவில் இந்துமாக்கடலில் கிடக்கிறது மடகாஸ்கர். உலகத் தீவுகளில் நான்காவது பெரியது. ஆனால் அங்குள்ள மக்களின் மொழி ஆப்பிரிக்க மொழி அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்களும், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர்களும் கலந்து உருவான இனம் அது. அவர்கள் பேச்சுக்கு மிக நெருங்கிய மொழி இன்றும் போர்னியோ தீவில் வழங்குகிறது. நடுநாட்டு மலைகளில் படிப்படியாக வயல் வெட்டி நெல் விளைவிக்கிறார்கள். மூன்று வேளையும் சோறுதான். முதல் நாள் மேசையில் ஆவி பறக்கும் சோற்றைக் கண்டபோது எங்களுக்கு வீட்டு நினைவு வந்து கண் கலங்கியது.

எங்கள் மடம் இருந்தது பெட்சிலேயோ இன மக்கள் வாழும் மலைநாட்டில், ஃபியனரந்துசுவா உயர்மறைமாவட்டத்தில். அங்கே கன்னியரை 'மாசேரா' என்று அழைப்பார்கள். ஊர்ப் பெரியவரை அழைக்கும் சொல்லோ இன்னும் அழகானது. 'ராய் அமன்ட்ரேனி' என்பார்கள். 'தகப்பனும் தாயும்' என்று பொருள். ஆணாயினும் பெண்ணாயினும், ஊருக்குப் பெரியவர் என்றால் ஊருக்கே தாயும் தந்தையுமாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

இறைவனைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள்? மறைபரப்பாளர்கள் போவதற்கு முன்பே, அனைத்தையும் படைத்த ஒரே கடவுள் உண்டு என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள். 'ஸனஹாரி' என்றால் படைத்தவர். 'அன்ட்ரியமனிட்ரா' என்றால் நறுமணமுள்ள ஆண்டவர். இந்த இரண்டாவது பெயரையே இன்று நம் திருச்சபையும் அங்கே செபத்தில் சொல்லுகிறது. கடவுளுக்குக் கீழே, கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே, 'ரஸானா' என்னும் முன்னோர் இருக்கிறார்கள். செத்தவர் தொலைந்துபோனவர் அல்லர். குடும்பத்தின் மூத்த அங்கத்தினர் ஆகிவிட்டவர். ஆசி அவர்கள் வழியாக வருகிறது. அவர்கள் விலக்கி வைத்தது 'ஃபாதி', அதாவது செய்யக்கூடாதது. ஒரு குடும்பத்துக்குப் பன்றி இறைச்சி ஃபாதி. இன்னொரு ஊருக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் வயலில் இறங்குவது ஃபாதி. உயிரோடிருக்கையில் ஒரே வீடு, இறந்தபின் ஒரே கல்லறை என்பது அவர்களுடைய பழமொழி. ஆகவேதான் மண் சுவரும் புல் கூரையுமான வீட்டில் வாழ்கிற குடும்பத்துக்கும் கல்லால் கட்டிய கெட்டியான கல்லறை இருக்கக் காணலாம். இங்கே கொஞ்ச நாள், அங்கே நெடுநாள் என்பார்கள்.

அவர்களுடைய விழாக்கள் பலவற்றிலும் ஒரு பொருள் தவறாமல் வரும்: தண்ணீர். பெரியவர் ஒரு கிண்ணத்தில் நீர் எடுத்துப் பிள்ளைகள் மேல் தெளித்து வாழ்த்துவார். இதற்கு 'சுத்ரானு' என்று பெயர். தேர்வு எழுதப் போகும் மாணவன், திருமணம் ஆகிப் புகுந்த வீடு போகும் பெண், பட்டணத்துக்கு வேலை தேடிச் செல்லும் வாலிபன், எவரும் இந்த நீரைத் தலையில் வாங்காமல் புறப்படமாட்டார்கள். தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை வரைகிற நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

முற்காலத்தில் நடுநாட்டு மெரினா அரசர்களின் பெருவிழாவும் நீர் விழாவே. 'ஃபன்ட்ருவானா' என்றால் நீராட்டு. ஆண்டின் முதல் மாதமான அலஹமாதியில், அரசர் திரைக்குப் பின்னே நீராடி வெளியே வந்து, அந்த நீரை மக்கள் மேல் தெளிப்பார். 400 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ரலம்பு என்னும் மன்னர் இதை ஏற்படுத்தியதாகச் சொல்லுவார்கள். அன்று மாடு அடித்து இறைச்சியைப் பங்கிட்டு உறவினர் வீடுகளுக்கு அனுப்பவேண்டும். அதற்கு 'ஜாக்கா' என்று பெயர். அதில் ஒரு துண்டை அடுத்த ஆண்டு வரை பதப்படுத்தி வைத்திருந்து, பழையதையும் புதியதையும் சேர்த்து உண்பார்கள். ஆண்டும் ஆண்டும் தொடர்பு அறுந்துபோகாதிருக்க என்ன நேர்த்தியான ஏற்பாடு பாருங்கள்!

கடைசி அரசியான மூன்றாம் ரனவலோனா இந்த விழாவைத் தம் பிறந்த நாளான நவம்பர் 22இல் கொண்டாடினார். 1895இல் பிரெஞ்சுப் படை தலைநகரைப் பிடித்தது. 1897இல் அரசாட்சியை ஒழித்து, அரசியை நாடு கடத்தினார்கள். நீராட்டு விழாவையும் நிறுத்தி, தங்களுடைய ஜூலை 14ஆம் நாளைக் கொண்டாடச் செய்தார்கள். அரசி அல்ஜீரியாவில் 1917இல் இறந்தார். அவருடைய எலும்புகள் 1938இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்தன. விழாவை ஒழித்தும் அந்தச் சொல்லை ஒழிக்க முடியவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் உறவினருக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு இன்றும் ஜாக்கா என்றே பெயர்.

மேற்குக் கரையில் சக்கலாவா இனத்தார் இருக்கிறார்கள். மெனாபே பகுதியை ஆண்ட பழைய அரசர்களின் திருப்பண்டங்களை அவர்கள் காத்து வருகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைச் சுமந்துவந்து சிரிபிஹினா ஆற்றில் நீராட்டுவார்கள். இந்த விழா 'ஃபித்தாம்புஹா'. கிழக்குக் கரையில் மனஞ்சாரி ஊரில் அன்தம்பஹுவாக்கா என்னும் குலத்தார் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து விருத்தசேதன விழா நடத்துகிறார்கள். அந்த ஆண்டுக்கு 'வெள்ளி' என்று பெயர். வெளியூர்களில் பிழைக்கப் போனவர்களும் குலத்தின் பெரிய வீட்டுக்கு முன்னே வந்து கூடுவார்கள். அந்த விழாவின் பெயர் 'சம்பாட்ரா'. இந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் காது நிமிர்ந்தது. ஏனெனில் மலகாசி விவிலியத்தில், மலைப்பொழிவில் நம் ஆண்டவர் 'பேறுபெற்றோர்' என்று சொல்லும் இடத்தில் நிற்பதும் இதே சம்பாட்ராதான்.

இனி, நீங்கள் கேட்கக் காத்திருக்கும் விழாவுக்கு வருவோம். 'ஃபமதிஹானா' என்பது அதன் பெயர். திருப்புதல் என்று பொருள். நடுநாட்டில் மெரினா, பெட்சிலேயோ இனத்தாரிடையே இது வழங்குகிறது. அறுவடை முடிந்து, மழையில்லாத குளிர்காலமான ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நடக்கும். ஒரு குடும்பம் 5 அல்லது 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும். பணம் சேராவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். முன்னோர் ஒருவர் கனவில் வந்து 'குளிருகிறது' என்று சொன்னதாக வீட்டில் பேச்சு எழுந்தால், ஆயத்தம் தொடங்கிவிட்டது என்று அறியலாம். நாள் குறிப்பவர் 'ம்பனாண்ட்ரு' என்னும் சோதிடர்.

அந்த நாளில் எக்காளமும் மேளமும் முழங்க, 'ஹிரா காசி' என்னும் பாட்டுக் கூட்டத்தார் ஆடிப் பாடி வருவார்கள். நூற்றுக்கணக்கான பேருக்கு விருந்து. கொழுப்பு மிகுந்த இறைச்சியும் சோறும். கபாரி என்னும் மேடைப்பேச்சில் வல்ல பெரியவர் எழுந்து, முன்னோரின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வாழ்த்துரைப்பார். பிறகு கல்லறையின் கல் கதவைத் திறந்து இறங்குவார்கள். இறந்தோரை ஒவ்வொருவராகப் பாயில் வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டே வெளியே எடுத்து வருவார்கள். பழைய துணிக்கு மேல் 'லாம்பா மேனா' என்னும் புதுத் துணியைச் சுற்றுவார்கள். பணமுள்ளவர் பட்டு வாங்குவார்; இல்லாதவர் பருத்தி வாங்குவார். சுற்றும்போது பெண்கள் அந்தப் பொதியைத் தங்கள் மடியில் கிடத்திக்கொண்டு பேசுவார்கள். "அம்மா, உன் பேத்தி பள்ளி முடித்துவிட்டாள், இதோ உன் கொள்ளுப்பேரன், தொட்டுப் பார்" என்று வீட்டுச் சேதி சொல்லுவார்கள். பிறகு தோளில் தூக்கி, கல்லறையைச் சுற்றி ஆடிவந்து, பொழுது சாய்வதற்குள் மீண்டும் உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். இந்த நாளில் அழக்கூடாது. இது துக்கம் அன்று. நெடுநாள் காணாத உறவினர் வீட்டுக்கு வந்த நாள்.

முதன்முதலில் இதைப் பார்த்த அன்று நாங்கள் இருவரும் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்று செபமாலை உருட்டினோம் என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறோம். பயமும் இருந்தது; மனத்துக்குள் கோபமும் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் எங்கள் பள்ளியில் படித்தார்கள். இரண்டு தவணைக் கட்டணம் கட்டவில்லை. ஆனால் விருந்துக்கு இரண்டு மாடுகள்! மறுவாரம் அந்த வீட்டுப் பெரியவரிடம் இதைக் கேட்டே விட்டோம். "உயிரோடிருக்கிற பிள்ளைக்குப் புத்தகம் இல்லை, இறந்துபோனவருக்குப் பட்டா?" என்றோம்.

அவர் கோபிக்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்து, "மாசேரா, நீங்கள் சொல்லுவதில் நியாயம் இருக்கிறது. செலவு கைமீறிப் போய்விட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். என் நான்கு தம்பிகளும் நான்கு பட்டணங்களில் இருக்கிறார்கள். இருவருக்குள் நிலத் தகராறு. ஆறு ஆண்டாய்ப் பேச்சு இல்லை. அன்றைக்கு எங்கள் அப்பாவை அவர்கள் இருவரும் ஒரே பாயில் இரு முனை பிடித்துத் தூக்கினார்கள். நான் உயிரோடு சொல்லிக் கேட்காததை, அப்பா செத்தும் செய்துவிட்டார். இதற்கு என்ன விலை போடலாம்?" என்றார்.

எங்களுக்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதம் பள்ளிக் கட்டணமும் வந்துவிட்டது. அந்தத் தம்பிகளில் ஒருவரே கட்டினார். இதனால் செலவெல்லாம் சரி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடன்பட்டு நொடிந்த குடும்பங்களையும் கண்டிருக்கிறோம். மடகாஸ்கர் ஏழை நாடு. ஒரு விழாவுக்காக நிலத்தை அடகு வைத்தவர் கதை அங்கே புதிதன்று. இப்போது சில குடும்பங்கள் இந்த வழக்கத்தையே விட்டுவிட்டன. சில குடும்பங்கள் செலவைச் சுருக்கி நடத்துகின்றன. ஆயினும், வெளியிலிருந்து ஒரு நாள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்ற பாடத்தை அந்தப் பெரியவர் எங்களுக்குப் புகட்டிவிட்டார்.

இதில் திருச்சபையின் நிலை என்ன என்று கேட்பீர்கள். புரொட்டஸ்டாண்டு சபைகளில் சில இதை முற்றிலும் விலக்குகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பகுத்துப் பார்க்கிறது. பெற்றோரை மதிப்பதும், இறந்தோரை நினைத்து அவர்களுக்காகச் செபிப்பதும், உறவினர் ஒன்று கூடுவதும் நல்லவை, அவற்றை வாழ்த்துகிறது. நாள் பார்ப்பதும், இறந்தவரைக் கடவுளின் இடத்தில் வைத்து வரம் கேட்பதும் கிறிஸ்தவனுக்கு ஆகாதவை. அவற்றை விலக்கச் சொல்லுகிறது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்களின் மரபுகளில் மூடநம்பிக்கையோடு பிரிக்கமுடியாதபடி கட்டுண்டிராதவற்றைத் திருச்சபை பரிவோடு ஆராய்ந்து காக்கவேண்டும் என்று போதித்ததை நாம் அறிவோம். ஆகவே எங்கள் பகுதியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் முதலில் திருப்பலி ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் கல்லறைக்குப் போவார்கள்.

வேதாகமத்திலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. சூசை எகிப்தில் சாகும்போது, தம் எலும்புகளை எடுத்துச் செல்லவேண்டும் என்று சகோதரரிடம் ஆணை வாங்கினார் அல்லவா? மோயீசன் செங்கடலைக் கடக்கப் புறப்பட்ட அந்த அவசர இரவிலும் அந்த எலும்புகளை மறக்கவில்லை. பாலைவனமெல்லாம் சுமந்து போய்ச் சிக்கேமில் அடக்கம் செய்தார்கள். மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது, எங்கள் மலகாசிப் பிள்ளைகள் வியக்கவில்லை. 'ஆமாம், அப்படித்தானே செய்யவேண்டும்' என்பதுபோல் தலையசைத்தார்கள்.

அங்கே கத்தோலிக்க மறை வேரூன்றிய வரலாறும் நெஞ்சை உருக்குவது. விக்டுவார் ரசுவமனரிவு என்னும் பெண்மணி 1848இல் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். முதல் அமைச்சரின் மகனை மணந்தவர். கணவனோ குடிகாரன். அவனை விட்டு விலகும்படி பலர் சொல்லியும், திருமண வாக்குறுதியைக் காத்து இறுதிவரை அவனுக்காகச் செபித்தார். 1883இல் பிரான்சுடன் போர் மூண்டு, மறைபரப்பாளர் அனைவரும் துரத்தப்பட்டனர். குரு இல்லை, பூசை இல்லை. அந்த மூன்று ஆண்டுகள் கோவில் கதவைத் திறக்கச் செய்து, பொதுநிலையினரை ஒன்று கூட்டிச் செபிக்க வைத்து, பள்ளிகளைக் காத்தவர் அந்த அம்மையாரே. 1886இல் குருக்கள் திரும்பி வந்தபோது, மந்தை சிதறாமல் நின்றது. 1894இல் அவர் இறந்தார். 1989 ஏப்ரல் 30இல் இரண்டாம் அருள் சின்னப்பர் தலைநகரான அந்தனனரிவோவிலேயே அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அந்தோஹாலோ பேராலயத்தருகே உள்ள அவருடைய கல்லறையில், 2019 செப்டம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் செபித்தார். அன்று எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர், "பாப்பரசரும் எங்கள் ரஸானாவைப் பார்க்க வந்துவிட்டார்" என்று பெருமையோடு சொன்னார்!

திருச்சபையின் திருநாட்களையும் அந்த மக்கள் தங்கள் முறையில் கொண்டாடுகிறார்கள். காணிக்கைப் பவனியில் அரிசி, கோழி, பழக்குலை எல்லாம் ஆடலோடு பீடத்துக்கு வரும். மூன்று மணி நேரப் பூசையென்றாலும் எவரும் கடிகாரம் பார்ப்பதில்லை. உயிர்ப்புத் திங்களும் பெந்தகோஸ்துத் திங்களும் விடுமுறை. குடும்பம் குடும்பமாகச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் மரநிழலில் உண்பார்கள். நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், அரசு விடுமுறை. அன்று கல்லறைகளைப் பெருக்கி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள்.

அன்பர்களே, இனி நாங்கள் சொல்லப்போவது எங்கள் மனத்தை விட்டு அகலாத ஒன்று.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மடகாஸ்கரில் கொள்ளைநோய் பரவியது. எலித்தெள்ளின் வழியாக வரும் அந்தப் பழைய பிளேக் நோய்தான். அத்தீவுக்கு அது 1898இல் கப்பல் வழியாக வந்தது. பின்னர் மலைநாட்டில் தங்கிவிட்டது. அந்த முறை நுரையீரலைத் தாக்கி, மூச்சுக்காற்றின் வழியே ஆளுக்கு ஆள் தொற்றியது. 2,400 பேருக்கு மேல் நோய்க் கணக்கில் வந்தார்கள். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து தலைநகருக்குக் கூலிவேலைக்குப் போயிருந்த ஒருவரும் அவர்களில் ஒருவர். பிளேக் நோயால் இறந்தவரை, பிற்பாடு திறக்கக்கூடிய குடும்பக் கல்லறையில் வைக்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. கல்லறையைத் திறக்கும்போது நோயும் வெளியே வரலாம் என்று அஞ்சுகிறார்கள். ஆகவே அவரை அங்கேயே தனியிடத்தில் புதைத்துவிட்டார்கள். மனைவியோ பிள்ளைகளோ முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நம்மவருக்கு இது துயரம். மலகாசிக்கு அதைவிடப் பெரியது. கல்லறையில் இடமில்லாதவன் குடும்பத்தில் இடமில்லாதவன். குற்றம் செய்து ஒதுக்கப்பட்டவனுக்கு நேருவது அது. அந்தப் பெண் எங்கள் மடத்துத் திண்ணையில் உட்கார்ந்து, "மாசேரா, அவர் என்ன பாவம் செய்தார்?" என்று கேட்டாள். நாங்கள் அவளோடு உட்கார்ந்திருந்தோம். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019இல், அவள் கணவர் குடும்பத்தார் ஃபமதிஹானா நடத்தினார்கள். எல்லாரும் ஆடினார்கள். அவள் மட்டும் கையில் ஒரு புதுத் துணியை வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றாள். நெடுநாள் சேர்த்த காசில் வாங்கிய லாம்பா மேனா அது. சுற்றுவதற்கு ஆள் இல்லை. அழக்கூடாத நாள் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். குடும்பத்தில் சிலர் இரகசியமாகத் தலைநகருக்குப் போய் அவரை எடுத்து வந்துவிடலாம் என்று பேசிக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது. எங்களுக்கு நடுக்கமாக இருந்தது. 'கூடாது' என்று நாங்கள் சொன்னால், அவள் மனம் உடையும். சொல்லாவிட்டால் ஊருக்கே ஆபத்து.

பங்குத்தந்தையும் நாங்களும் அந்த வீட்டுப் பெரியவரிடம் போனோம். முன்பு எங்களுக்குப் பதில் சொன்னாரே, அதே பெரியவர். பங்குத்தந்தை விதியை எடுத்துச் சொன்னார். பெரியவர் நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "வெளியே செத்து, உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் பாட்டன்மார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கல் நாட்டுவோம்" என்றார். மலைநாட்டில் பாதையோரங்களில் ஆள் உயரக் கற்கள் தனியே நிற்பதை நாங்கள் கண்டிருந்தோம். தொலைவில் மடிந்து ஊர் திரும்பாதவர்களுக்காக நாட்டியவையும் அவற்றில் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தோம். 

அந்த மாதமே கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு கல் நாட்டினார்கள். பங்குத்தந்தை திருப்பலி நிறைவேற்றிக் கல்லை மந்திரித்தார். பெரியவர் இறந்தவரின் பெயரைத் தம் முன்னோர் பெயர்களோடு சேர்த்து உரத்த குரலில் சொன்னார். பிறகு கிண்ணத்து நீரை எடுத்து, முதலில் அந்தப் பெண்ணின் தலையிலும், அவள் பிள்ளைகள் மூவர் தலையிலும் தெளித்தார். அவள் எழுந்துபோய், இரண்டு ஆண்டுகளாகக் காத்து வைத்திருந்த துணியைக் கல்லின்மேல் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு அழுதாள். அது கல் நாட்டும் நாள்தானே, ஃபமதிஹானா அன்று. ஆகவே அவளை எவரும் தடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டார்கள்.

இறந்தவரின் பெயர் மீண்டும் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. ஊருக்கும் தீங்கு வரவில்லை. வழக்கத்தை உடைக்காமல், வழக்கத்துக்குள்ளேயே ஒரு கதவைத் தேடித் திறந்தார் அந்த எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர். மறைபரப்பு என்றால் நாங்கள் கொடுப்பதும் அவர்கள் வாங்குவதும் என்று எண்ணிப் போனோம். அன்று வாங்கியவர்கள் நாங்கள்.

இப்போது நம் பங்குக்கு வருவோம். 50 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோவிலுக்குக் கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு இடித்தவர்கள், பிடியரிசி சேர்த்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! இந்த மலரில் சிலருடைய படங்கள் இருக்கின்றன. படம் இல்லாதவர்கள் அநேகர். அவர்களில் பலர் கோவிலுக்குப் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்கள். நவம்பர் 2ஆம் நாள் ஒருமுறை மெழுகுதிரி ஏற்றிவிட்டு, மீதி 364 நாளும் அந்தப் பக்கம் திரும்பாதவர்களாக நாம் இருக்கலாமா? அயலூரில் வேலைக்குப் போய் அங்கேயே இறந்து, இங்கே கல்லறை இல்லாதவர்களும் நம் குடும்பங்களில் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

எலும்பை எடுத்து ஆடச் சொல்லி நாங்கள் வரவில்லை. அது அவர்கள் வழக்கம், நமக்கு வேறு வழக்கம். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பொன்விழா ஆண்டில் ஒவ்வொரு வீட்டாரும் உட்கார்ந்து, தங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை, தெரிந்தமட்டும், ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போய்விட்டால் கேட்க முடியாது. பேச்சு முறிந்துபோன அண்ணன் தம்பிகள் இருந்தால், அந்தத் தாளை எழுதும் சாக்கிலாவது ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போங்கள். அந்தத் தாள்களை நவம்பர் மாதப் பூசையில் பீடத்தில் வைக்கப் பங்குத்தந்தை அன்போடு இசைந்திருக்கிறார். எங்கள் இருவர் குடும்பத்துத் தாளையும் எழுதத் தொடங்கிவிட்டோம். கடைசி வரியில் அந்த மலகாசி மனிதரின் பெயரையும் சேர்த்திருக்கிறோம்.

நம்மை முந்திச் சென்ற விசுவாசிகளுக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. வாழ்கிற நம்மை ஒரே குடும்பமாகக் காப்பாராக. இப்பங்கு நூற்றாண்டும் கண்டு செழிப்பதாக.